ஆழ்ந்த வருத்தமும் நீல விரிப்பும்

உலகப் பேரவை மண்டபத்துக் கடிகாரத்தைப் பிடித்தபோது மணி மாலை ஐந்து ஐம்பத்தெட்டு. விட்டபோதும் ஐந்து ஐம்பத்தெட்டுதான். இடையில் பதினேழு வருடம் போயிருந்தது. பிடித்தவள் அந்த மண்டபத்தில் ஜன்னல் துடைக்கிறவள். எல்லோரும் அவளை ஏணிக்காரி என்பார்கள். அன்று காலை வீட்டில் பாதிச் சண்டையில் எழுந்து, "சாயங்காலம் ஆறரைக்கு வந்து மிச்சத்தைப் பேசிக்கிறேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வேலைக்கு வந்திருந்தாள்.

கடிகாரத்தைப் பிடிப்பது பேரவைக்குப் புதிதல்ல. கூட்டத்தொடர் வருடத்துக்கு மூன்று மாதம் நடக்கும். கடைசி நாள் மாலை ஆறு அடிப்பதற்குள் நிறைவேறாத தீர்மானம் செத்துப்போய்விடும்; அடுத்த வருடம் பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது தெரிந்தும் பிரதிநிதிகள் எண்பத்தொன்பது நாளை ஒருவரை ஒருவர் வரவேற்பதிலும் வரவேற்றதற்கு நன்றி சொல்வதிலும் கழித்துவிட்டு, தொண்ணூறாவது நாள் மத்தியானத்துக்கு மேல், பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் தேடுகிற பிள்ளைகள் போலப் பதறுவார்கள். கடிகாரத்தை நிறுத்தினால் தேவலை என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் கடிகாரத்தை நிறுத்தக் கூடாது என்று விதி இருந்தது. சட்டக் குழு இரண்டு வருடம் உட்கார்ந்து யோசித்து, நிறுத்துவது வேறு, பிடித்துக்கொள்வது வேறு என்று கண்டுபிடித்தது. அன்றிலிருந்து யாராவது ஒருவர் மேலே ஏறிப் பெண்டுலத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கமாயிற்று. கடிகாரம் தலைவர் நாற்காலிக்கு மேலே மூன்று ஆள் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்துக்கு ஏணி வைத்திருந்தவள் ஏணிக்காரி ஒருத்திதான். இப்படி அவள் உலக அரசியலுக்குள் வந்தாள்.

முன்பெல்லாம் இருபது நிமிடம், அரை மணி என்று பிடிப்பாள். வெளியே வந்து பார்த்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளியிருக்கும், வீட்டில் பால் திரிந்திருக்கும், அவ்வளவுதான். பெரிய விஷயங்களைப் பற்றிப் பேசும்போது அதுகூட ஆகாது. வாதம் எவ்வளவு சின்னதோ வெளியே காலம் அவ்வளவு வேகமாக ஓடும் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த வருடம் வந்த வாதம் மிகமிகச் சின்னது.

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு நாடு, அந்தக் கரையில் ஒரு நாடு. நடுவில் ஒரு மணல் திட்டு. திட்டில் மூன்று ஆடுகளும் ஒரு படகுத்துறையும் 'இங்கே குளிக்காதீர்கள்' என்று ஒரு பலகையும் இருந்தன. பலகை யாருடைய மொழியில் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கிய போர் நான்கு மாதமாக நடந்துகொண்டிருந்தது. பேரவை இருந்த நகரம் இந்தக் கரையைச் சேர்ந்தது. தீர்மானத்தின் முக்கியமான வரி, 'இன்று மாலை ஆறு மணியோடு இந்தப் போர் முடிந்தது' என்பது. அதில் ஒருவருக்கும் தகராறு இல்லை. முதல் நாளே இரண்டு கரைக்காரர்களும் தலையாட்டிவிட்டார்கள். தகராறு முகவுரையில். நடந்ததற்குப் பேரவை வருந்துவதா, ஆழ்ந்து வருந்துவதா? ஆழம் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார் இந்தக் கரைப் பிரதிநிதி. ஆழம் என்று ஒரு சொல் வந்தால் எழுந்து போய்விடுவோம் என்றார் அந்தக் கரைப் பிரதிநிதி. நடுத்தர ஆழம், தகுந்த ஆழம், கணுக்கால் அளவு என்றெல்லாம் சமரசம் பேசினார்கள். ஆழத்தை அளக்க ஏழு பேர் கொண்ட துணைக் குழு ஒன்று பக்கத்து அறைக்குப் போனது. தலைவர் மேலே பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஏணிக்காரி ஏறிப் பெண்டுலத்தைப் பிடித்தாள்.

இனி வீட்டுச் சண்டை. ஏணிக்காரியின் புருஷன் பேரவைக்குக் கொடி தைக்கிறவர். நாடுகளையெல்லாம் துணியாகத்தான் அவருக்குத் தெரியும். எந்த நாட்டுக்குச் சிவப்பு அதிகம், எது சாயம் போகும், எதன் சிங்கத்துக்கு வால் தைப்பது சள்ளை பிடித்த வேலை என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார். கடைசி நாளுக்கு முந்தின மாலை அந்தக் கரைக் கொடியைக் காற்று கிழித்துவிட்டது. நீலத் துணி தீர்ந்துபோயிருந்தது, கடையும் சாத்தியாயிற்று. மனிதர் வீட்டுப் பெட்டியைத் திறந்து, பெண்டாட்டிக்கு அவள் அம்மா கொடுத்த நீலப் படுக்கை விரிப்பை எடுத்து, நடுவில் வெள்ளைச் சூரியனை வைத்துத் தைத்து ஏற்றிவிட்டார். அழுக்காகிவிடும் என்று அவள் ஒரு நாள்கூட விரிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த விரிப்பு அது. காலையில் பெட்டியைத் திறந்தவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி எடுத்தீங்க?"

"ஒரு நாட்டோட மானம் போற விஷயம்."

"அந்த நாட்டுக்கு ஒரு பெட்ஷீட் வாங்கக்கூட வக்கில்லையா?"

அவர் தரையில் சிதறிக் கிடந்த நீல நூலைப் பொறுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அவள் ஆறரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வெளியே இருந்தவர்களுக்கு மறுநாளே விஷயம் தெரிந்துவிட்டது. மண்டபத்துக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பிரதிநிதிகள் புகைப்படத்தில் இருப்பவர்கள் போல இருந்தார்கள். ஆனால் அசையவில்லை என்று சொல்ல முடியாது. மூன்றாவது வரிசைக்காரர் ஒருவர் திங்கட்கிழமை தும்ம ஆரம்பித்து வியாழக்கிழமை முடித்தார். நிலைமையைப் பார்த்துவர இரண்டு தீயணைப்பு வீரர்கள் அனுப்பப்பட்டார்கள். வாசலைத் தாண்டி ஒரு கால் வைத்ததும் அவர்களும் அப்படியே ஆகிவிட்டார்கள்; இரண்டாவது காலை வைப்பதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அதற்கு மேல் யாரும் உள்ளே போகவில்லை. கூட்டத்தொடர் முடியாததால் கொடிகளை இறக்கவும் முடியவில்லை. போர் நடந்துகொண்டிருந்த இந்தக் கரை நகரத்தின் நட்ட நடுவில், எதிரி நாட்டின் கொடி பதினேழு வருடம் விதிப்படி பறந்தது. கல்லெறிய வந்தவர்களிடம் கொடிக்காரர், "அது என் பெண்டாட்டி பெட்ஷீட், பார்த்து எறிங்க" என்று சொல்லிப் பார்த்தார். சிலர் பார்த்து எறிந்தார்கள்.

கொடிமரங்கள் மண்டபத்து மேல்விளிம்பில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஜன்னலுக்கு நேராக இருந்தன. மற்ற ஜன்னல்களுக்கெல்லாம் கனமான திரை உண்டு. வெளியே பார்த்தால் பிரதிநிதிகளின் கவனம் சிதறும் என்பார்கள். இந்த ஒரு ஜன்னலுக்குத்தான் திரை இல்லை. கொடிக்காரர் தினமும் மேலே வந்து, நீலக் கொடியில் அவிழ்ந்த தையலைப் போட்டுவிட்டு, கண்ணாடி வழியே ஒரு மணி நேரம் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே போய்விடலாம் என்று அவருக்கும் தோன்றாமல் இல்லை. "போ, போய் நில்லு. என்ன பதில் சொல்லுவ?" என்று கேட்டாள் அவருடைய அக்கா. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட அவள் பித்தான் தைக்கிறவள், பேச்சும் ஊசிதான். பதில் இல்லாமல் பெண்டாட்டி முன்னால் போய் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே பதில் யோசித்தார். முதல் வருடம் ஒரு நியாயம் யோசித்தார். நான்காவது வருடம் அதைவிட நல்ல நியாயம் கிடைத்தது. ஏழாவது வருடத்தில் இரண்டையும் சேர்த்து, நடுவில் அவளுடைய அம்மாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வைத்து, அரை மணி நேரப் பேச்சாகத் தயாரித்துவிட்டார்.

உள்ளே ஏணிக்காரிக்கு இதெல்லாம் கொஞ்ச நேரம்தான். ஜன்னலில் வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்தது. எங்கேயோ ஒயர் லூசாக இருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வெளிச்சத்துக்குள் புருஷனின் முகம் மின்னியது. சமாதானம் பேச வேலை இடத்துக்கே வந்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. நிற்கட்டும், நல்லா நிற்கட்டும் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அப்படித் திருப்பிக்கொண்டு முதல் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். வெளியே அது பன்னிரண்டு வருடம். பன்னிரண்டு வருடமும் அவர் அவளுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இன்னும் தணியவில்லை என்று அக்காவிடம் வந்து சொல்வார். பன்னிரண்டாவது வருடக் கடைசியில் ஆள் போதாமல் ஐம்பது வயது வரைக்கும் போருக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு நாற்பத்தேழு. துப்பாக்கி பிடிக்கத் தெரியாது என்பதால் கூடாரம் தைக்கிற வேலை கொடுத்தார்கள். எட்டாவது நாள் அவர் தைத்த கூடாரமே அவர்மேல் சரிந்து அதிலேயே முடிந்துபோனார்.

கொடியைத் தைக்க அதற்குப் பின் அவருடைய அக்கா ஏறினாள். மேலே ஏறுவதற்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை, இருந்தாலும் ஏறினாள். இன்னும் ஐந்து வருடம் போயிற்று.

கை மரத்துப்போய், விரலை மாற்றிப் பிடிக்கத் திரும்பியபோதுதான் ஏணிக்காரி ஜன்னலைப் பார்த்தாள். அங்கே புருஷன் இல்லை. தலை முழுக்க வெளுத்த ஒரு பொம்பளை நின்றாள். யாரோ என்று நினைத்தாள். அந்தப் பொம்பளை ஊசியில் நூலைக் கோக்கும்போது உதட்டை இடது பக்கம் கோணிக்கொண்டாள். ஏணிக்காரிக்குத் தெரிந்த உலகத்தில் அப்படிக் கோணிக்கொள்கிறவள் அவளுடைய நாத்தனார் ஒருத்திதான். காலையில் அந்த நாத்தனாருக்குத் தலையில் ஒரு முடிகூட நரைத்திருக்கவில்லை. ஏணிக்காரி கொடியைப் பார்த்தாள். நீலம் வெளுத்திருந்தது. அதன்மேல் தையலுக்கு மேல் தையலாக ஆயிரம் ஒட்டு இருந்தது. அப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒயர் லூசு இல்லை என்பதும் விளங்கியது.

பேரவையில் பிரதிநிதிகளைத் தவிர மற்றவர்கள் பேசக் கூடாது. அவள் ஏணி உச்சியிலிருந்து பேசினாள்.

"ஐயா, நான் இதை விடப்போறேன்."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு வார்த்தைதாம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"ரெண்டு நிமிஷம் மிச்சம் இருக்கு. அதுக்குள்ள வருத்தப்படறவங்க வருத்தப்பட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தாள்.

பெண்டுலம் ஒரு முறை தயங்கி ஆட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பேரவைக் குறிப்பேடு அரைப் பக்கத்தில் முடித்துவிட்டது. அந்தக் கரைக்காரரும் இந்தக் கரைக்காரரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், வருத்தத்தையே அடித்துவிடுங்கள் என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆழத்தை அளக்கப் போன ஏழு பேரையும் கூப்பிட நேரமில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆதரித்தார்கள், எதிர்ப்பு இல்லை, ஒன்பது பேர் நடுநிலை. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை ஆதரவில் சேர்த்தார்கள். தலைவர் சுத்தியலைத் தட்டியபோது ஆறு அடிக்கப் பன்னிரண்டு விநாடி இருந்தது. தீர்மானத்தின் தலையில் அன்றைய தேதியைப் போட்டார்கள். அன்றைய தேதி என்பது பதினேழு வருடத்துக்கு முந்தின தேதி.

ஏணிக்காரி ஏணியைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினாள். வாசலில் நாத்தனார் நின்றாள்.

"வந்துட்டியா? ஆறரைன்னு சொன்ன" என்றாள்.

"அவர் எங்க அண்ணி?"

நாத்தனார் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். எத்தனை வருடம் நின்றார், எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது வரை. ஏணிக்காரி அழவில்லை. அழுகைக்கு முன்னால் அவளிடம் வேறொன்று இருந்தது. காலையில் ஆரம்பித்த சண்டை அவள் வயிற்றில் இன்னும் சூடாக இருந்தது. அதைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஆள் இல்லை. மூன்று நாள் அவள் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு, விரிப்பு இல்லாத காலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

இதற்குள் தீர்மானம் ரேடியோவில் வாசிக்கப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. போர் பதினேழு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்று கேட்ட சிப்பாய்களுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இத்தனை வருடமும் இல்லாத போரில் சண்டை போட்டிருக்கிறோமே என்று துப்பாக்கிகளை ஆற்றில் போட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். உலகத் தீர்மானங்களிலேயே நிறைவேறுவதற்கு முன்பே அமலுக்கு வந்தது இது ஒன்றுதான் என்று பிற்பாடு அறிஞர்கள் தடித்தடியாகப் புத்தகம் எழுதினார்கள். பள்ளிப் புத்தகத்தில் போர் நான்கு மாதம் நடந்தது என்றே இருக்கிறது. பத்து வருடம் பதுங்குகுழியில் கிடந்த வாத்தியார்கள் அதையே பாடம் நடத்துகிறார்கள். பரீட்சையில் நான்கு மாதம் என்று எழுதினால்தான் மதிப்பெண்.

நகரத்தில் இறப்புப் பதிவாளர் என்று ஒருவர் இருந்தார். காகிதமும் காகிதமும் முரண்பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பதிவேட்டைத் திறந்து பார்த்தார். போர் முடிந்த தேதிக்குப் பிறகு 'போரில் இறந்தார்' என்று நூற்றுக்கணக்கான பேர் இருந்தார்கள். இல்லாத போரில் ஒருவர் எப்படி இறக்க முடியும்? ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முதல் நாள் நாற்பது பேரை அடித்தார். நாற்பது பேரும் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தாமதமாகிவிட்டது என்று தலையைச் சொறிந்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர் வந்ததும் வராததுமாகத் தான் ஐந்து வருடத்துக்கு முன் மாட்டிவிட்டுப் போன குடையைக் கேட்டார். வீட்டுக்காரர்கள் கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், பிறகு எல்லா வீட்டிலும் நடப்பதுபோல் எங்கே படுப்பது என்பதில் சின்னச் சின்னப் பிரச்சினைகள் வந்தன. அந்தக் கரைப் பதிவாளரும் போட்டிக்கு ஒரு பேனா வாங்கினார்.

ஒரு வாரத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். கொடிக்காரர் வரவில்லை. ஏணிக்காரி பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள். பதிவாளர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

"இது போர்ச் சாவு இல்லம்மா. இங்க பாருங்க, 'கூடாரம் சரிந்து விபத்து'ன்னு போட்டிருக்கு. விபத்தை என்னால அடிக்க முடியாது."

ஏணிக்காரி எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினேழு வருடம் பெரிய மனிதர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றவள். எங்கே பிடித்து இழுத்தால் எது வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கூடாரத்தை எதுக்கு சார் போட்டாங்க?"

"போருக்கு."

"எந்தப் போருக்கு?"

பதிவாளர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போரே இல்லாதப்போ கூடாரம் எப்படி சார் வந்துச்சு? கூடாரமே இல்லாதப்போ அவர்மேல எது சரிஞ்சுச்சு?"

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேற்கூரையைப் பார்த்தார். அவர் மனதுக்குள் அந்தக் கூடாரம் ஒவ்வொரு கயிறாக அவிழ்வது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு, "இதை நான் கவனிக்கல" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து, கோணாமல் ஒரு கோடு போட்டார்.

அன்று சாயங்காலம் ஆறரைக்குக் கொடிக்காரர் வந்தார். கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்கியது. காதோரம் நரைத்திருந்தது. அக்கா வாசலிலேயே அவரைக் கட்டிக்கொண்டு, இளைத்துவிட்டாயே என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, உள்ளே அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஜாக்கிரதை என்று மெல்லச் சொல்லி அனுப்பினாள். அவர் உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். சண்டை போட்ட காலையில் தன்னைவிட நான்கு வயது பெரியவராக விட்டுவிட்டுப் போன புருஷன் இப்போது பதினாறு வயது பெரியவராக நிற்பதை ஏணிக்காரி ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்போ சொல்லுங்க. என்னைக் கேக்காம எப்படி எடுத்தீங்க?"

அவரிடம் அரை மணி நேரப் பேச்சு தயாராக இருந்தது. இரண்டு நியாயம் இருந்தது, மாமியாரைப் பற்றி நல்ல வார்த்தை இருந்தது. வாயைத் திறந்தார்.

"தப்புதான்" என்றார்.

அவள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். பிறகு, "இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, இந்த முடியை இப்படியா வெட்டுவார்கள் என்று அவருடைய பிடரியைத் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் இருவரும் போய் ஏணியை எடுத்துவந்தார்கள். எடுக்கும்போதே அந்தக் கரைக் கொடியையும் இறக்கிவிட்டார்கள். அந்த நாடு இதற்குள் இரண்டு முறை கொடியை மாற்றியிருந்ததால் ஆட்சேபம் எதுவும் வரவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் பேரவை, ஒரு கொடிமரம் காலியாக இருப்பதைக் கவனத்தில் கொண்டு ஒரு தீர்மானம் போட்டது. கவனத்தில் கொள்வதா, உரிய கவனத்தில் கொள்வதா என்று ஒரு பேச்சு எழுந்தது. தலைவர் சும்மா ஒரு தடவை மேலே பார்த்தார். ஏணிக்காரி கையைக் கட்டிக்கொண்டு கீழே நின்றாள். ஐந்து நிமிடத்தில் நிறைவேறிவிட்டது.

விரிப்பை மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கட்டிலில் போட்டார்கள். நடுவில் இருந்த வெள்ளைச் சூரியனைப் பிரித்தால் துணி கிழிந்துவிடும் என்பதால் அது அப்படியே இருக்கிறது. பதினேழு வருடம் கொடியாக இருந்த துணிக்குப் படுத்திருக்கிற பழக்கம் சட்டென்று வரவில்லை. நான்கு மூலையையும் கட்டில் காலில் இறுகக் கட்டினார்கள். அதற்குப் பிறகு காற்று பலமாக அடிக்கிற நாட்களில் கட்டிலும் சேர்ந்து தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி நின்றது. ஏணிக்காரி புருஷனைப் பார்த்தாள். புருஷன் முடிச்சைப் பார்த்தார். நாத்தனார்தான் துடைப்பத்தைக் கொண்டுவந்து, இனி கட்டிலுக்கு அடியில் குனியாமல் பெருக்கலாம் என்று சொல்லிப் பெருக்கிவிட்டுப் போனாள்.